நெருப்பை நினைத்தோம், நீரை மறந்தோம்

சிவனொளிபாத மலைச் சாரலில் ஊற்றெடுத்து, ஏறத்தாழ 145 கிலோமீற்றர் ஓடிவரும் களனி கங்கை கடலோடு சங்கமிக்கும் இடம் மட்டக்குளி. தலைநகர் கொழும்பின் வட எல்லை. ஒருபுறம் காக்கைதீவுக் கடற்கரை. ஆற்றைக் கடந்தால் வத்தளை. தெற்கே முகத்துவாரமும் கொட்டாஞ்சேனையும். எனது வாழ்வின் பெரும்பகுதி இந்த ஆற்றின் வாயிலில்தான் கழிந்தது.

பத்திரிகைத் தொழிலுக்கு வந்த காலத்தில், மழை நாட்களில் இரவுக் கடமை முடிந்து வீடு திரும்பும்போது, கிராண்ட்பாஸ் நாகலகம் வீதியிலுள்ள அளவுமானியில் ஆற்றுநீர் எத்தனை அடி நிற்கின்றது என்று விசாரித்துவிட்டு வருவது என் வழக்கம். வடகொழும்பு மக்களுக்கு அந்த அடிக்கணக்கு பஞ்சாங்கத்தைப் போன்றது. 1947 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அங்கே நீர்மட்டம் 12 அடியைத் தாண்டியது என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அடுத்து 1989 ஆம் ஆண்டு ஜூன் மாதம் அது 9 அடியைக் கடந்தது. அந்த வெள்ளத்தை நானே பார்த்தேன். அதைப் பற்றி இதுவரை நான் எங்கும் எழுதியதில்லை.

இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு.

நூலகத்துறையில் பணியாற்றும் இளைய நண்பர் ஒருவர் அண்மையில் தொலைபேசியில் அழைத்தார். நூலக ஊழியர்களுக்குக் காலநிலை மாற்றம் தொடர்பாகப் பயிற்சியளிக்க வேண்டும் என்ற பேச்சு அவர்களிடையே எழுந்திருக்கின்றதாம். "ஐயா, நூலகத்துக்கும் காலநிலைக்கும் என்ன சம்பந்தம் என்று எங்கட ஆட்களே கேட்கினம். நீங்கள் பழைய ஆள். ஏதாவது சொல்லுங்கோ" என்றார்.

நான் அவருக்குச் சொன்ன பதிலின் விரிவுதான் இப்பத்தி.

அக்காலப்பகுதியில் மட்டக்குளியில், ஆற்றோரத் தாழ்நிலத்தில், சிறியதொரு வாசிகசாலை இருந்தது. அதன் பெயரை இங்கு குறிப்பிடவில்லை. இன்று அது இல்லை. துறைமுகத் தொழிலாளர்களும் சிறு வியாபாரிகளும் சந்தா செலுத்தி நடத்தியது. இரண்டு அறைகள். நான்கு பக்கமும் மரத்தட்டுகள். கதைப் புத்தகங்கள் மேல்தட்டுகளிலும், பாரமான பத்திரிகைத் தொகுப்புகள் அடித்தட்டிலும் அடுக்கப்பட்டிருந்தன. உலகம் முழுவதும் நூலகங்களில் அப்படித்தான் வைப்பார்கள். பாரம் கீழேதானே இருக்கவேண்டும்!

அந்த அடித்தட்டிலே ஈழகேசரியின் சில ஆண்டுத் தொகுப்புகள் இருந்தன. யாரோ ஒரு புகையிலை வியாபாரி யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்து அன்பளித்தவை. 1981 ஆம் ஆண்டு மே 31 ஆம் திகதி இரவு தொடங்கி யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிக்கப்பட்டு, சுமார் 97 ஆயிரம் நூல்கள் சாம்பலான பின்னர், அந்தத் தொகுப்புகளின் பெறுமதி என்னவென்று எனக்குத் தெரிந்திருந்தது. பத்திரப்படுத்த வேண்டும் என்று நிர்வாகக் குழுவிடம் சொன்னேன். அவர்களும் ஒப்புக்கொண்டார்கள். உடனே செய்த காரியம் என்ன தெரியுமா? சுவரில் தீயணைப்பு மணல் வாளிகள் இரண்டைத் தொங்கவிட்டோம். விளக்கு வைப்பதற்குத் தடை விதித்தோம்.

நெருப்பு எங்கள் நெஞ்சில் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது. ஆறு நூறு யார் தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

வாசிகசாலையின் திறப்பு ஒரு முதியவரிடம் இருந்தது. மலையகத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர். கூட்டித் துடைப்பார், கதவு திறப்பார், மேசையில் பத்திரிகைகளை விரித்துவைப்பார். எழுத்து வாசிக்கத் தெரியாது. அந்த ஜூன் மாத மழையில் ஒரு மாலை, அவர் நிர்வாகக் குழுவைச் சேர்ந்த ஒருவரிடம் போய், "ஐயா, தண்ணி ஏறுது. கீழ்த்தட்டுப் பொத்தகத்தையெல்லாம் மேல எடுத்து வச்சிரட்டுமா?" என்று கேட்டிருக்கின்றார். "இதுவரைக்கும் இந்தப் படியைத் தண்ணி தொட்டதில்லை. காலையில் பார்ப்போம்" என்று பதில் கிடைத்தது.

அன்றிரவு தண்ணீர் படியைத் தொட்டது. விடியும்போது அறைக்குள் முழங்காலளவு நின்றது.

முதியவர் அனுமதிக்குக் காத்திராமல், இரவோடிரவாகத் தன்னால் முடிந்ததை மேசைகளில் தூக்கி வைத்திருந்தார். எதைக் காப்பாற்றுவது என்று அவர் எப்படித் தீர்மானித்தார் என்பதைப் பின்னர் ஒருநாள் கேட்டேன். "அட்டை தேஞ்சதையெல்லாம் எடுத்தேன் ஐயா. தேஞ்சிருந்தா ஆளுங்க படிக்கிறாங்கன்னு அர்த்தம்" என்றார். அவரிடமிருந்த அறிவைக்கொண்டு அவர் எடுத்த முடிவு நேர்மையானது. ஆனால் ஈழகேசரியை யார் நாள்தோறும் புரட்டினார்கள்? அதன் அட்டை புத்தம் புதிதாகவே இருந்தது. அது நீருக்குள் கிடந்தது.

அதற்குப் பிறகு நடந்ததில் எனக்கும் பங்குண்டு.

வெள்ளம் வடிந்த மறுநாள், நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் திரண்டோம். நனைந்த தொகுப்புகளை வெயிலில் பரப்பினோம். சேற்றைத் துணியால் அழுத்தித் துடைத்தோம். துடைக்கத் துடைக்கச் சேறு தாளுக்குள் ஊறியது. வழவழப்பான தாளில் அச்சான சஞ்சிகைகள் காய்ந்ததும் செங்கற்களைப்போல் இறுகிவிட்டன. நான் ஒரு தொகுப்பை எடுத்து, ஈரத்தோடு பக்கங்களைப் பிரித்தேன். ஒரு குறிப்பிட்ட இதழைத் தேடும் அவசரம் எனக்கு. ஈரத் தாள் என் விரலோடு வந்துவிட்டது. நான்காம் நாள் வெள்ளைப் பூஞ்சணம் படர்ந்தது. பின்னர் அது கறுத்தது. பத்தாம் நாள் எல்லாவற்றையும் குப்பை வண்டியில் ஏற்றினோம்.

யாழ்ப்பாணத்தில் நெருப்புத் தின்றதன் மறுபிரதிகளை மட்டக்குளியில் நீர் தின்றது. நெருப்பை வைத்தவர்கள் வேறு யாரோ. நீருக்குக் கொடுத்தவர்கள் நாங்கள்.

பல ஆண்டுகள் கழித்து, இத்தாலியின் புளோரன்ஸ் நகரத்து வெள்ளத்தைப் பற்றி வாசித்தபோதுதான் நாங்கள் செய்த தவறுகளின் முழு விபரமும் எனக்குப் புரிந்தது. 1966 ஆம் ஆண்டு நவம்பர் 4 ஆம் திகதி ஆர்னோ நதி பெருக்கெடுத்து அந்நகரின் தேசிய மத்திய நூலகத்துக்குள் புகுந்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களும் ஆவணங்களும் சேற்றில் மூழ்கின. அங்கும் பழம்பெரும் பத்திரிகைத் தொகுப்புகள் நிலவறையில்தான் இருந்தன! பல நாடுகளிலிருந்தும் இளைஞர்கள் திரண்டு வந்து, வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றிப் புத்தகங்களை மேலே ஏற்றினார்கள். "சேற்றுத் தேவதைகள்" என்று இத்தாலியர் அவர்களை இன்றும் நன்றியோடு அழைக்கின்றனர். புகையிலை உலர்த்தும் சூளைகளிலும் நூல்கள் உலர்த்தப்பட்டன. புகையிலைக்குப் பேர்போன மண்ணிலிருந்து வந்த நமக்கு அந்தக் காட்சியைக் கற்பனை செய்வது கடினமில்லை.

அங்கே உதவச் சென்ற பிரித்தானியக் குழுவில் பீற்றர் வோட்டர்ஸ் என்ற நூற்கட்டுநர் இருந்தார். அவர் பின்னர் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்குச் சென்று, நனைந்த நூல்களை மீட்பதற்கான கைந்நூல் ஒன்றை 1975 இல் எழுதினார். புளோரன்ஸில் கற்ற பாடங்களும், 1972 இல் நியூயோர்க் மாநிலத்தின் கோர்னிங் நகரில் புயல் வெள்ளத்தில் சிக்கிய நூல்களை உறையவைத்துக் காப்பாற்றிய அனுபவமும் உலக நூலகங்களின் பொது அறிவாக மாறியது இவ்வாறுதான்.

அந்த அறிவின் சாரம் மிக எளியது. நனைந்த தாளில் 48 மணித்தியாலம் முதல் 72 மணித்தியாலத்துக்குள் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிவிடும். எங்களைப் போன்ற வெப்பமும் ஈரமும் மிகுந்த நாட்டில் அந்த அவகாசமும் குறைவு. அதற்குள் உலர்த்த முடிந்தவற்றை நிழலில், காற்றோட்டத்தில் உலர்த்த வேண்டும். உலர்த்த முடியாதவற்றை உறையவைத்துவிட்டால் பூஞ்சணம் நின்றுவிடும். பிறகு மாதக்கணக்கில் அவகாசம் எடுத்து ஒவ்வொன்றாக மீட்கலாம். வழவழப்பான தாள் காயும் முன்பே உறைபனிக்குள் போகவேண்டும். காய்ந்து ஒட்டிக்கொண்டால் பிரிக்கும் வழி அநேகமாக இல்லை. மூடியிருக்கும் நூலைத் திறக்கக்கூடாது. சேற்றைத் தேய்க்கக்கூடாது. வெயிலில் போடக்கூடாது.

நாங்கள் செய்யக்கூடாத அனைத்தையும் வரிசை தவறாமல் செய்திருந்தோம்.

எங்கள் முன்னோர் ஈரத்தை அறியாதவர்கள் அல்லர். ஓலையைப் பதப்படுத்தி, எழுத்தாணியால் எழுதி, கரி பூசி, எண்ணெய் தடவி, இறுகக் கட்டி வைத்தார்கள். ஏடு நெடுங்காலம் நிலைக்காது என்பதால், பழுதடையும் முன்பே அதைப் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதினார்கள். எழுதி முடிந்த பழைய ஏட்டை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விடுவதும், நெருப்பில் இடுவதும் சடங்காக இருந்தன. காலப்போக்கில் பெயர்த்தெழுதும் பழக்கம் நின்றது. ஆற்றில் விடும் சடங்கு மட்டும் நிற்கவில்லை. அதனால் போன நூல்கள் எத்தனை! கரிவலம்வந்தநல்லூரில் பழைய சுவடிகள் நெருப்புக்கு இரையான கதையைக் கேட்டு உ. வே. சாமிநாதையர் பதறியதை அவருடைய சுயசரிதை சொல்கின்றது. கையில் இருப்பது என்னவென்று அறியாதவர் கையில் எந்த நூலும் பாதுகாப்பாக இராது என்பதே அந்தக் கதையின் பொருள்.

இலங்கையில் இவ்விடயம் பற்றிய விழிப்பு, பெரும் துயரொன்றின் பின்னர்தான் வந்தது. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை, கிழக்கிலும் வடக்கிலும் தெற்கிலும் கரையோரத்தை அழித்தபோது பொது நூலகங்கள் பலவும், நூற்றுக்கும் மேற்பட்ட பாடசாலை நூலகங்களும் அதனோடு போயின. மறு ஆண்டு, 2005 இல், நாட்டில் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் நிறைவேறியது. நூலகங்கள், தகவல் சேவைகள், சுவடிக்காப்பகங்கள் ஆகியவற்றுக்கென அனர்த்த முகாமைத்துவக் குழுவொன்றும் அதே ஆண்டு உருவாகியது. 2006 இல் பன்னாட்டு நூலகச் சங்கங்களின் சம்மேளனம் நூலகங்களுக்கான அனர்த்த ஆயத்தக் கைந்நூலொன்றை வெளியிட்டது.

ஆகவே அறிவு இல்லை என்று எவரும் சொல்லமுடியாது. சிக்கல் வேறிடத்தில் இருக்கின்றது.

ஆழிப்பேரலை ஒரு தலைமுறைக்கு ஒருமுறை வரும் விபத்து என்று நாங்கள் எண்ணினோம். ஆனால் ஆறு அப்படி எண்ணவில்லை. 2016 மே மாதம் அரநாயக்கவில் மலை சரிந்த அதே மழையில் களனி பெருகி, கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் நீரில் மிதந்தன. மறு ஆண்டு மே மாதம் மீண்டும் வெள்ளமும் மண்சரிவும். இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டைக் குறுக்கறுத்துச் சென்றபோது மாண்டவர்களின் எண்ணிக்கை அறுநூறைத் தாண்டியது. களனிக் கரையோரப் பகுதிகள் மீண்டும் நீரில் அமிழ்ந்தன.

விஞ்ஞானிகள் சொல்லும் காரணம் விளங்கிக்கொள்ள எளிது. காற்றின் வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் உயர்ந்தால், அது சுமார் ஏழு சதவீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும். தாங்கியதை ஒருநாள் கொட்டும். 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சுமார் 20 சென்றிமீற்றர் உயர்ந்திருக்கின்றது. மேலேயிருந்து மழைவெள்ளம் இறங்கும்போது, கீழேயிருந்து கடல் அதற்கு வழிவிடத் தயங்கும். ஆற்றின் வாயில் குடியிருக்கும் மட்டக்குளியாருக்கு இதை விளக்கப் பாடப்புத்தகம் தேவையில்லை.

வெள்ளமே வராவிட்டாலும் தப்ப முடியாது. வெப்பமும் ஈரப்பதனும் கூடும்போது பூஞ்சணமும் கறையானும் இராமபாணப் பூச்சியும் கூடவே வரும். அலமாரிக்குள் சத்தமின்றி நடக்கும் வெள்ளம் அது.

என் நண்பருக்கு நான் சொன்னது இதுதான்: பயிற்சி கொடுங்கள், ஆனால் திறப்பு யாரிடம் இருக்கின்றதோ அவருக்கு முதலில் கொடுங்கள்.

கருத்தரங்கென்றால் யார் போகின்றார்கள் என்பது நாம் அறிந்ததே. பிரதம நூலகர் போவார். சான்றிதழும் மதிய உணவும் பெற்றுத் திரும்புவார். வெள்ளம் நள்ளிரவில் வரும். அந்நேரம் நூலகத்தில் இருப்பவர் காவலாளி. அடுத்து வருபவர் கூட்டித் துடைப்பவர். மூன்றாவதாக வருபவர் நூற்கட்டுநர். அந்த மூவருக்கும் ஒரு பக்கத்தில், அவர்கள் பேசும் மொழியில், எழுத்தறியாதவருக்குப் படமாக, மூன்று விடயங்கள் தெரிந்திருக்க வேண்டும். எந்த நூல் முதலில்? யாருக்கு அழைப்பது? எதைச் செய்யக்கூடாது? எந்த நூல் முதலில் என்பதை அந்தத் தட்டிலேயே சிவப்பு நாடா ஒட்டிக் காட்டிவிடலாம். எங்கள் முதியவருக்கு அப்படியொரு சிவப்பு நாடா இருந்திருந்தால், அட்டை தேய்ந்ததைத் தேடியிருக்கமாட்டார். அனுமதி கேட்டு இன்னொருவர் வீட்டு வாசலில் நின்றிருக்கவும் மாட்டார்.

இரண்டாவது, பயிற்சி என்பது வகுப்பறையோடு முடியக்கூடாது. அது ஊரை அறிவதில் தொடங்கவேண்டும். முகத்துவாரத்தில் மீன்பிடித் துறைமுகம் இருக்கின்றது. மீன் வியாபாரம் இருக்கும் இடத்தில் குளிர்க்களஞ்சியமும் இருக்கும். நனைந்த தொகுப்புகளைப் பொலித்தீன் பைகளில் கட்டி, பென்சிலால் பெயரெழுதி, அங்கே கொண்டுபோக ஓர் ஓட்டோ போதும். பேனை மை கரையும், பென்சில் கரையாது என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். ஆனால் வெள்ளத்தன்று போய், மீனுக்குப் பக்கத்தில் புத்தகத்தை வைக்க இடம் கேட்டால் முதலாளி சிரிப்பார். ஆறு மாதம் முன்பே போய், தேநீர் குடித்து, பேசி வைத்திருந்தால் இடம் கொடுப்பார்.

பத்திரிகை அச்சகங்களில் சுருளின் கடைசியில் அச்சேறாத வெற்றுத்தாள் மிஞ்சும். ஈரப் பக்கங்களுக்கிடையில் வைத்து நீரை உறிஞ்ச அதுவே சிறந்தது. நாற்பது ஆண்டுகள் அந்தச் சுருள்களைப் பார்த்துக்கொண்டே நடந்திருக்கின்றேன். 1989 இல் அது எனக்குத் தோன்றவில்லை. அச்சிட்ட பழைய பத்திரிகைகளைக் கொண்டுபோய் வைத்தேன். அவற்றின் மையும் தொகுப்புகளில் ஏறியது!

மீன் களஞ்சியமும் அச்சகமும் ஆற்றின் அளவுமானியும் அன்றும் இங்கேதான் இருந்தன. அவற்றை ஒன்றோடொன்று தொடுக்க ஒரு மனிதர் இருக்கவில்லை. நூலக ஊழியருக்குக் கொடுக்கும் காலநிலைப் பயிற்சியின் நோக்கம் அந்த மனிதரை உருவாக்குவதாகவே இருக்கவேண்டும்.

இன்னொன்றும் உண்டு. வெள்ளம் வடிந்ததும் மக்கள் பிறப்புச் சான்றிதழையும் காணி உறுதியையும் தொலைத்துவிட்டு நிற்பார்கள். எந்தப் படிவம், எந்த அலுவலகம் என்று தெரியாமல் அலைவார்கள். நம்பிக் கேட்கக்கூடிய மேசை ஒன்று நூலகத்தில் இருந்தால், அந்த ஊரார் அடுத்த வெள்ளத்தில் நூலகத்துக்கு மணல்மூட்டை சுமந்து வருவார்கள். புளோரன்ஸ் இளைஞர்களைப்போல் கை கொடுக்கவும் வருவார்கள்.

பெயர்த்தெழுதும் பழக்கம் நம்மிடம் நின்றுவிட்டது என்றேன். அது வேறு வடிவில் மீண்டதையும் சொல்லவேண்டும். 2005 ஆம் ஆண்டு ஈழத்து இளைஞர்கள் சிலர் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகத்தில், ஈழத்து நூல்களும் பத்திரிகைகளும் பக்கம் பக்கமாகப் படமெடுத்துச் சேர்க்கப்பட்டு வருகின்றன. உலகின் எந்த மூலையிலிருக்கும் தமிழரும் அவற்றை வாசிக்கலாம். அதனைப் பார்க்கும்போதெல்லாம் என் கைவிரல் கூசுகின்றது. அந்த ஈரத் தாள் ஒட்டிய விரல்தான். ஆனால் படமெடுப்பதற்கும் மூலப்பிரதி முதலில் உயிரோடிருக்க வேண்டுமே!

வாசிகசாலை முதியவர் காலமாகி வெகுகாலமாகின்றது. அவர் அன்றிரவு தூக்கி வைத்தவற்றில் ஏழெட்டுக் கதைப் புத்தகங்கள், வாசிகசாலை மூடப்பட்டபோது என்னிடம் வந்துசேர்ந்தன. எல்லாம் அட்டை தேய்ந்தவை. இன்றும் என் வீட்டு அலமாரியில் இருக்கின்றன.

அடித்தட்டில் அல்ல, மேல்தட்டில்.